திரும்பிப் பார்க்காத பெரியப்பா

பெரியப்பா ஆள் தேடப் புறப்பட்டுவிட்டால் எங்களுக்குச் சாப்பாடு தள்ளிப்போகும். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கூடைக்குள் இருக்க, அலிப்பூர் மிருகக்காட்சிசாலைப் புல்வெளியில் குடும்பமே வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரிசையாக நிற்கும். பெரியம்மா, அப்பா, அம்மா, பெரியப்பாவின் மகனான அண்ணன், நான். எங்களை நிறுத்திவைத்துவிட்டு அவர் கேமராவோடு கூட்டத்துக்குள் போவார். கூட்டத்தைப் படம் எடுப்பதற்காக அல்ல. எங்களைப் படம் எடுத்துத்தர ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதற்காக.

திருநெல்வேலியிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த அண்ணன் தம்பி இருவர். அண்ணன், அதாவது பெரியப்பா, கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் இருந்தார். வீடும் அங்கேயே குவார்ட்டர்ஸ். தம்பியான என் அப்பாவுக்கு மத்திய அரசு உத்தியோகம், பேஹாலாவில் வாடகை வீடு. இந்த இரண்டு வீட்டையும் விட்டால் அந்தப் பெரிய ஊரில் எங்களுக்கு மாமன் மச்சான் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் கிடையாது. அதனால்தானோ என்னவோ லீவு விட்டால் இரண்டு வீடும் சேர்ந்தே கிளம்பும். துர்கா பூஜா லீவுக்குப் பெரியப்பாவின் ரயில்வே பாஸில் வெளியூர், பெரும்பாலும் பூரிக் கடற்கரை. குளிர் இறங்கிவிட்டால் ஒரு ஞாயிறு அலிப்பூர், ஒரு ஞாயிறு பறவை பார்க்க சாந்த்ராகாச்சி ஏரி. போகிற இடமெல்லாம் ஒரு குடும்பப் படம் எடுத்தாக வேண்டும், அதில் அவரும் இருந்தாக வேண்டும். அந்த விஷயத்தில் மனிதர் ஒரு அங்குலம் இறங்கிவரமாட்டார்.

டிஜிட்டல் கேமரா வந்த புதிது அது. அப்பா கேமராவோடு வந்த சின்னப் புத்தகத்தைப் படித்து, பொத்தானை அமுக்கிவிட்டு ஓடிவந்து நின்றுகொள்ளும் வசதி அதில் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னார். பெரியப்பா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"கல்லு மேல வச்சா கல்லு எடுத்த படம்தானடே வரும்? நம்மள ஒரு மனுசன் பாத்து எடுக்கணும். அப்பத்தான் மூஞ்சி மூஞ்சியா இருக்கும்."

ஆள் தேர்வில் அவருக்கென்று ஒரு சாஸ்திரமே இருந்தது. கழுத்தில் சொந்தக் கேமரா தொங்குகிறவர் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். காதல் ஜோடிகளும் சரிவராது, கை கேமராவில் இருந்தாலும் கண் இருக்கிற இடம் வேறு. சாப்பிட உட்காரப்போகிறவரைக் கேட்கக் கூடாது, சாப்பிட்டு எழுந்தவரைக் கேட்கலாம். எல்லோருக்கும் மேலே அவர் வைத்திருந்தது பிள்ளைகுட்டியோடு வந்திருக்கும் அம்மாக்களை.

"அவ வீட்ட விட்டு இறங்குனதுல இருந்து தலைய எண்ணிக்கிட்டேல்லா இருக்கா. நம்மள்ல ஒரு ஆளு விட்டுப்போச்சுன்னா அவ கண்ணுக்குத் தெரிஞ்சிரும் பாத்துக்க," என்பார் என்னிடம்.

அப்படி ஒரு ஆளைக் கூட்டி வந்ததும் கேமராவின் வாரைத் தன் கையாலேயே அவர் கழுத்தில் மாட்டிவிடுவார், கல்யாணத்தில் சம்பந்திக்கு மாலை போடுகிற பவ்வியத்தோடு. அமுக்க வேண்டிய பொத்தானைக் காட்டுவார். பிறகு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வருவார். ஆற அமர, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல்.

எங்கள் உயிர் போவதும் வருவதும் அந்த நடையின்போதுதான். புத்தம்புதுக் கேமரா முன்பின் தெரியாத ஒருவர் கழுத்தில் கிடக்கிறது, அதற்குச் சொந்தக்காரரோ பூங்காவில் உலாப் போகிறவர் மாதிரி வருகிறார். "இன்னைக்கு அவ்வளவுதான்," என்று பெரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். கேமராவோடு ஆள் ஓடினால் துரத்திப் பிடிப்பது அண்ணனின் பொறுப்பு. ஓடத் தோதாக அவனைச் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு நிற்கச் சொல்லியிருந்தாள். அதனால் எங்கள் ஆல்பத்தில் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். எல்லோரும் உடுத்திக்கொண்டு டிப்டாப்பாக நிற்க, அண்ணன் மட்டும் எல்லாப் படத்திலும் வெறுங்காலோடு இருப்பான். பெரியம்மா எல்லாப் படத்திலும் ஒரு திருடனை அடையாளம் காட்ட வந்தவள்போல நேரே முறைத்துக்கொண்டிருப்பாள்.

படம் எடுத்து முடித்ததும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் அது பெரியப்பா இல்லை. "இப்ப நீங்க நில்லுங்க," என்று எடுத்தவரையும் அவர் குடும்பத்தையும் நிறுத்திவைத்து ஒரு படம் எடுப்பார். விலாசம் வாங்கிக்கொண்டு பிரிண்ட் போட்டு அனுப்புவார். செல்போன் வந்த பிறகு நம்பர் வாங்கிக்கொண்டார். பெயர் கேட்க மறந்துவிடுவதால் அவருடைய போனில் "ஒட்டகச்சிவிங்கி அக்கா", "சாந்த்ராகாச்சி நாலு மப்ளர்", "பூரி குடை சார்" என்று ஏகப்பட்ட பேர் இருந்தார்கள். துர்கா பூஜை முடிந்து விஜயா வாழ்த்து சொல்லும் நாளில் அந்த போன் ஓயாது. பெரியப்பாவின் வங்காளத்தில் இலக்கணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் அவர் பேசியதை எதிர்முனையில் இருந்தவர்கள் புரிந்துகொண்டார்கள், சிரித்தார்கள், மறுவருஷமும் கூப்பிட்டார்கள்.

ஒருமுறை கரக்பூரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. எப்போதோ புலிக்கூண்டுக்குப் பக்கத்தில் எங்களைப் படம் எடுத்த ஓர் அம்மாவின் மகளுக்குக் கல்யாணம். பெரியம்மா பத்திரிகையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, ஊருல என் சித்தப்பா மவ கல்யாணத்துக்கு லீவு இல்லன்னு சொன்னிய. புலி பாக்க வந்தவ வீட்டுக் கல்யாணத்துக்கு லீவு இருக்கோ?"

"ஊரு தூரம்லா," என்றார் பெரியப்பா. போய்விட்டு வந்தார். மண்சட்டி நிறையத் தயிர் இனிப்பும், நாங்கள் மறுபடி ஒரு கல்யாணத்துக்குப் போனாலொழிய உடுத்த முடியாத ஒரு சரிகை வேட்டியும் வந்தன. முறைத்துக்கொண்டே பெரியம்மா அந்தச் சட்டியில் பாதியைக் காலி செய்தாள்.

சாஸ்திரம் தவறி அவர் ஏமாந்த நாள் ஒன்று உண்டு. சாந்த்ராகாச்சி ஏரிக்கரையில் அன்றைக்குக் குடும்பத்தோடு வந்த ஆளே கிடைக்கவில்லை. முழங்கை நீள லென்ஸோடு பறவைக்காகத் தவம் கிடந்த ஒருவர்தான் இருந்தார். வேறு வழியில்லாமல் அவரிடம் கொடுத்தார். அந்த மனிதர் சேற்றில் முழந்தாளிட்டார், எங்களை மூன்று தடவை இடம் மாற்றினார், மூச்சுவிடாதீர்கள் என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால், எங்கள் தலைக்கு மேலே பறந்துபோன ஒரு வாத்துக் கூட்டம் ஒவ்வொரு இறகும் தெரிய அற்புதமாக விழுந்திருந்தது. படத்தின் அடியில் கறுப்பாகச் சில உச்சந்தலைகள் தெரிந்தன. அண்ணனின் வெறுங்கால்கூட இல்லை. பெரியப்பா அந்தப் படத்துக்கும் பிரிண்ட் போட்டார். "அவருக்கு அது குடும்பம்," என்று சமாதானமும் சொன்னார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெரியம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. ஒரு மழைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தோம். ஒரு பெரிய ஆபரேஷன் ஆயிற்று. பிழைத்து எழுந்து பாதி உடம்போடு வீட்டுக்கு வந்தவள், பூஜா லீவுக்கு எங்கே போகலாம் என்று பெரியப்பா பேச்செடுத்தபோது தானாகவே பூரி என்றாள்.

பூரிக்கு நாங்கள் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். ஒரு தடவைகூடப் பெரியம்மா கடலில் கால் வைத்ததில்லை. எல்லோருடைய செருப்பையும் கைக்கடிகாரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு மணலில் காவல் இருப்பாள். அந்தத் தடவை சாயங்கால வெயிலில், செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, "கையப் பிடிங்க," என்று பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கினாள். முதல் அலை முழங்காலில் அடித்தது. இரண்டாவது அலைக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மா பதறிப்போய் ஓடினாள். பெரியம்மாவோ புடவை மிதக்க, வாயில் உப்புத் தண்ணீரோடு, சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

பெரியப்பா தலைதெறிக்கக் கரைக்கு ஓடினார். அன்றைக்குச் சாஸ்திரம் பார்க்க நேரமில்லை. சிரிப்பு நின்றுபோவதற்குள் எடுக்க வேண்டும். கரையில் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தனியாக ஒரு வாலிபன் நின்றிருந்தான். மரியாதையான முகம். பெரியப்பா வாரை அவன் கழுத்தில் மாட்டினார், பொத்தானைக் காட்டினார், எங்கள் எல்லோரையும் தண்ணீருக்குள் இறங்கச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்து பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனதை நான் பார்த்தேன். அதற்குள் ஒரு பெரிய அலை எங்கள் தலைக்கு மேலே போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது கரையில் அவன் இல்லை.

அண்ணன் ஓடினான். அன்றைக்கும் வெறுங்கால்தான். ஆனால் தண்ணீரிலிருந்து எழுந்து ஓடுவதற்குள் அந்தக் கூட்டத்தில் யார் எங்கே போனார்கள் என்று யாருக்குத் தெரியும்? அப்பா போலீஸில் சொன்னார். கடலோரத்துத் தேங்காய்க்காரரிடம் சொன்னார். பெரியப்பா மட்டும் ஈர வேட்டியோடு அந்த இடத்திலேயே நின்றார்.

மறுநாள் விடிந்ததும் அவரைக் காணோம் என்று தேடிக்கொண்டு போனேன். அதே இடத்தில் நின்றிருந்தார்.

"என்ன பெரியப்பா?"

"ஏதோ அவசரமாட்டுப் போயிருப்பான். நாம எங்க தங்கியிருக்கோம்னு அவனுக்கு எப்படித் தெரியும்? இங்ஙன வந்தாத்தான ஆளப் பிடிக்க முடியும்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "படத்த எடுத்துட்டுத்தான் போயிருப்பாம்ட்டி. அவ சிரிச்சது அதுல இருக்கும்," என்றார். கேமரா போனது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தச் சிரிப்பு யாரோ ஒருவன் பையில் போய்விட்டதே என்பதுதான் வருத்தம்.

திரும்பி வரும்போது ரயிலில் எல்லோரும் பெரியம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை வருஷமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தது நடந்துவிட்டது. இனி ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்ட அவளுக்கு உரிமை உண்டு. அவளோ வேர்க்கடலையை உரித்து உரித்துப் பெரியப்பாவின் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

பெரியப்பா மாறிப்போனார். அண்ணனுக்கு அப்போது வேலை கிடைத்திருந்தது. நல்ல கேமரா உள்ள போன் ஒன்றை வாங்கிக் கொடுத்து, நீளமான செல்ஃபி குச்சியையும் கூடவே கொடுத்தான். குச்சியை அவர் பரண்மேல் போட்டுவிட்டார். போனை மட்டும் வைத்துக்கொண்டு, ஆற்றங்கரைக்குப் போனாலும் சாந்த்ராகாச்சிக்குப் போனாலும் அவரே எடுத்தார். எங்களை நிறுத்துவார், எடுப்பார், சரி சாப்பிடலாம் என்பார். சாப்பாடு நேரத்துக்குக் கிடைத்தது. படங்களும் பழுதில்லை. எல்லோரும் இருந்தோம், அவர் மட்டும் இல்லை.

"நீங்க வரலியா பெரியப்பா?"

"நான் எங்க நின்னா என்னட்டி. உங்களப் பாத்துக்கிட்டுத்தான நிக்கேன்."

கூட்டத்தில் யாராவது பக்கத்தில் வந்து உரசினால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஊரில் எங்களுக்குச் சொந்தம் என்று இருந்ததெல்லாம் அவர் இப்படி ஒவ்வொருவர் கழுத்திலும் கேமராவை மாட்டிச் சம்பாதித்தது. போன கேமராவை விடுங்கள், அந்தப் பெரியப்பா திரும்பி வருவாரா என்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது. அண்ணன் ஒரு தடவை, "நீங்க நில்லுங்கப்பா, அந்த ஆள்ட்ட குடுக்கலாம்," என்றபோது, "வேண்டாம்டே," என்று போனைப் பைக்குள் போட்டுவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் அலிப்பூர் போனோம். வழக்கமான புல்வெளி, வழக்கமான எலுமிச்சை சாதம். வரிசையில் நின்றோம். பெரியப்பா எதிரே போய் நின்று போனைத் தூக்கினார். பெரியம்மா வரிசையை விட்டு விலகி நேராக அவரிடம் நடந்தாள். கையை நீட்டினாள்.

"குடுங்க."

"என்னத்துக்கு?"

"குடுங்கன்னா குடுங்க."

போனை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். ஆபரேஷனுக்குப் பிறகு மெதுவாகத்தான் நடப்பாள். ஆள் ஒருவரைப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்தவரிடம் போவாள். கழுத்தில் கேமரா தொங்கியவரைத் தாண்டினாள். மரத்தடி ஜோடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டினாள். டிபன் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்த குடும்பத்தைத் தாண்டினாள். கடைசியில், பாயை விரித்து உட்கார்ந்து தன்னைச் சுற்றி நின்ற மூன்று பிள்ளைகளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முன்னால் போய் நின்றாள். இத்தனை வருஷம் முறைத்துக்கொண்டே அவள் அந்தச் சாஸ்திரம் முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தீதி, ஏக்டா போட்டோ," என்றாள். அக்கா, ஒரு படம் என்பதற்கு மேல் வங்காளம் வரவில்லை. எங்கள் பக்கம் கையை வீசிக் காட்டி, "எல்லாரும். ஒருத்தர் விடாம," என்று தமிழிலேயே முடித்தாள்.

அந்தப் பெண் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பெரியம்மா போனை அவள் கையில் வைத்து, அமுக்க வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டு, பெரியப்பாவிடம் வந்து அவர் முழங்கையைப் பிடித்தாள். அவர் கண் போன் மேலேயே இருந்தது.

"வாங்க."

"ஏளா, போனு..."

"திரும்பிப் பாக்காதிய. எனக்கும் ஆளு பாக்கத் தெரியும்."

இருவரும் எங்களை நோக்கி நடந்து வந்தார்கள். பெரியப்பாவின் கழுத்து இரண்டு தடவை பின்னால் திரும்பப் பார்த்தது. இரண்டு தடவையும் பெரியம்மா முழங்கையை அழுத்தினாள். அண்ணன் வழக்கப்படி காலணியைக் கழற்றக் குனிந்தான். "போட்டுக்கடே," என்றாள் அவள். வரிசையில் வந்து நின்றதும் என்ன தோன்றியதோ, சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பூரியில் சிரித்தாளே, அதே சிரிப்பு.

அந்தப் பெண் படம் எடுத்து முடித்ததும் அங்கிருந்தே ஏதோ சொன்னாள். ஒருவர் கேமராவைப் பார்க்கவில்லை, இன்னொன்று எடுக்கவா என்று கேட்கிறாள் என்றான் அண்ணன். வேண்டாம் என்றாள் பெரியம்மா. அதற்குள் பெரியப்பா அவளிடம் போய், "இப்ப நீங்க நில்லுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை உயரவாரியாக நிறுத்தி எடுத்தார், நம்பர் வாங்கினார். எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு சுளை கிடைத்தது. அன்றைக்குச் சாப்பிட மணி மூன்று ஆகிவிட்டது, ஒருவரும் குறை சொல்லவில்லை.

அந்தப் படத்தில் எல்லோரும் இருக்கிறோம். அண்ணன் காலில் ஷூ இருக்கிறது. பெரியப்பா மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை, பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆரஞ்சுச் சாறு பட்ட விரல் லென்ஸில் பதிந்ததால் வலது மூலையில் லேசாகப் புகை படிந்தமாதிரி ஒரு திட்டு. அதற்குப் பிறகும் சில குளிர்காலங்கள் அலிப்பூருக்கும் சாந்த்ராகாச்சிக்கும் போனோம். பெரியப்பா பழையபடி ஆள் தேடினார், பழையபடி முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து வந்தார். சாப்பாடு பழையபடி தாமதமாயிற்று.

அவர் போனபோது சுவரில் மாட்டுவதற்கு என்று ஒரு படம் தேட வேண்டியிருக்கவில்லை. ஏறக்குறைய எல்லாப் படத்திலும் இருக்கிறாரே. இருந்தும் பெரியம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் அந்த ஆரஞ்சுப் படத்தைத்தான் எடுத்துக் கொடுத்தாள். ஸ்டூடியோக்காரர், முகம் பக்கவாட்டில் இருக்கிறதே, நேராகப் பார்க்கிற படம் இல்லையா என்றார். முழங்கையில் தெரியும் பெரியம்மாவின் விரல்களையும் மூலையில் இருக்கும் புகையையும் கம்ப்யூட்டரில் எடுத்துவிடுகிறேன் என்றார். ஒன்றையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இப்போதும் விஜயா அன்று அந்தப் பழைய போன் அடிக்கிறது. சார்ஜ் போட்டு வைத்திருந்து பெரியம்மாதான் எடுக்கிறாள். ஒட்டகச்சிவிங்கி அக்காவோடும் குடை சாரோடும் பாதி தமிழில் பேசுகிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் மாலைக்கு நடுவில் தெரியும் முகத்தைப் பார்த்துவிட்டு, எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது, யார் எடுத்தது என்று கேட்பார்கள். பெரியம்மா மாலையைச் சரிசெய்துகொண்டே பதில் சொல்வாள்.

"தெரிஞ்சவுகதான்."